என்கிட்டகூடச் சொல்லாதீங்க

'அப்டேட் முடியும்வரை வயரைக் கழற்றாதீர்கள்' என்று கம்ப்யூட்டர் திரையில் சிவப்பு எழுத்து கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே, கண்டக்டர் வயரைப் பிடுங்கினார். விரலளவு இருந்த அந்தக் கருவி ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு இருண்டது.

"அடடா, கை பட்டுடுச்சே!" என்று சுவருக்கே கேட்கும்படி வருத்தப்பட்டார்.

"அதெப்படிங்க, உங்க கை மட்டும் எப்பப் பாத்தாலும் அதே வயர்ல படுது?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

பஸ்ஸிலிருந்து அவர் ஓய்வு பெற்றும் பட்டப்பெயர் ஓய்வு பெறவில்லை. கையிலிருந்தது ஹார்டுவேர் வாலட். கிரிப்டோ நாணயத்தின் சாவியை இணையத் திருடர்களுக்கு எட்டாமல் பூட்டிவைக்கும் சமாச்சாரம். உள்ளே அவர் போட்டுவைத்திருந்த நாணயமோ, வாலட் வந்த அட்டைப்பெட்டியின் விலைக்குக்கூடக் காணாது.

அவருக்கு வேண்டியது பூட்டும் இல்லை, நாணயமும் இல்லை. வாலட் விற்ற கம்பெனியின் உதவி எண்ணில்தான் மகள் வேலை பார்க்கிறாள். அப்பாவின் எண்ணைப் பார்த்தால் அவள் சொந்தப் போனை எடுப்பதில்லை. கம்பெனிப் போனை எடுக்காமல் இருக்க முடியாதே!

எல்லாம் அவர் வாய் செய்த வேலை. "ஆபீஸ்ல எல்லாரையும் விட என் குரல்தான் தெளிவா இருக்காம். கண்ணாடி ரூம்ல உக்கார வெச்சு, பேசச் சொல்லிப் பதிவு பண்ணிக்கிட்டாங்கப்பா" என்று ஒருநாள் அவள் பூரித்துப்போய்ச் சொன்னபோது, வீடு நிறைய விருந்தாளிகள். "இவ பேசறதுக்குக் காசு தர்றாங்களா? நிறுத்தறதுக்குன்னா நானே தர்றேனே!" என்றார் கண்டக்டர். கூடம் அதிரச் சிரித்தது. மகள் பாதிச் சாப்பாட்டில் கைகழுவி எழுந்தவள்தான். வேறு வீடு பார்த்துக்கொண்டு போனாள். அதன் பிறகு அவரிடம் ஒரு பேச்சு இல்லை.

எண்ணை அழுத்தினார். மணி ஒருமுறை முழுதாக அடிக்கவில்லை.

"வணக்கம் சார், சொல்லுங்க. வாலட்ல என்ன பிரச்சினை?"

அவளேதான். 'சொல்லுங்க'வின் வாலில் லேசாக ஓர் இழுப்பு. அது அவர் மனைவி வழிச் சொத்து.

"வண்டி நடுவழியில நின்னுடுச்சும்மா. எறங்கித் தள்ளணுமா?"

"புரியுது சார், பதறாதீங்க. பெட்டியோட வந்த வயரையே திரும்பச் சொருகுங்க. வேற வயர் வேண்டாம்."

"அது கெடக்கட்டும். வேலையெல்லாம் எப்படிப் போகு..."

"கம்ப்யூட்டர்ல இருக்கற ஆப், எங்க வெப்சைட்லேர்ந்து எறக்கினதுதானே சார்?"

"நீ சொன்னா மாதிரிதாம்மா எறக்கினேன்."

"நல்லது. பின் நம்பரை வாலட்லயே அழுத்துங்க, கீபோர்டுல அடிக்காதீங்க. வாலட் தொலைஞ்சா பணத்தைத் திரும்ப எடுக்கற மீட்புச் சொற்களை யார் கேட்டாலும் சொல்லாதீங்க."

"உங்கிட்ட?"

"என்கிட்டகூடச் சொல்லாதீங்க சார்."

கண்டக்டர் சிரித்துப் பார்த்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மனைவி ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். "என்னங்க சொல்றா?"

அவர் போனைப் பொத்திக்கொண்டார். "சாருக்கு மேல சார் போடறா. பக்கத்துல மேலதிகாரி எவனாவது நிக்கறான் போல. ஆனா ஒண்ணு, நான் குறுக்க பேசினா டக்குனு நிறுத்திக்கறா. இந்த வீட்ல என்னைக்காவது நிறுத்தியிருக்காளா?"

"சாப்பிட்டாளான்னு கேளுங்க."

கேட்டார்.

"நன்றி சார். வாலட் சம்பந்தமா வேற ஏதாவது உதவி வேணுமா?"

மனைவியின் முகம் சுருங்கியது. "என்ன ரோஷம் பாருங்க. அப்படியே அப்பனை உரிச்சு வெச்சிருக்கு."

அதற்குள் பாழாய்ப்போன வாலட் உயிர் பெற்றுவிட்டது. 'பாதுகாப்பாக இணைக்கப்பட்டது' என்று திரையில் பச்சை எழுத்து வந்து நின்றது. இனி அவள் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவாள். மறுபடியும் வயரைப் பிடுங்கப் போன கை, பாதியிலேயே மடியில் விழுந்தது.

"அம்மாடி," என்றார். எந்த ஸ்டாப்பிலும் வாய் ஓயாத மனிதர், இப்போது சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார். "பேச்சை நிறுத்தக் காசு தர்றேன்னேன்ல அன்னைக்கு? நீ பேசறதைக் கேக்கத்தாம்மா இந்தக் கருமத்தைக் காசு குடுத்து வாங்கினேன். நான் விட்டது ஜோக் இல்லடா, தப்பு."

"புரியுது சார்."

"இந்த 'சார்' வேண்டாம்மா. ஒரே ஒரு தடவை அப்பான்னு கூப்பிடு. முடியாதுன்னா அதையாவது நேரா சொல்லிடு. நான் இனிமே போன் பண்ணித் தொந்தரவு பண்ணமாட்டேன்."

மனைவி அவர் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே போனில் காது வைத்தார்கள்.

"கண்டிப்பா," என்றது மகளின் குரல், அதே இழுப்போடு. "'சார்'ங்கறதை 'அப்பா'ன்னு மாத்த, ஒண்ணாம் நம்பரை அழுத்துங்க."