மாமியார் வலது பக்கம்

"எதிரி விமானத்துக்கு ‘மாமியார்’னு வெச்சுடலாம்" என்றார் வாயாடி.

விமானிகளின் அறை குலுங்கிச் சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர், மேசையின் ஒரு முனையில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த தளபதி. போன வாரம்தான் மாற்றலாகி வந்தவர். அவர் சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. இன்னொருவர் பவ்யம். படைப்பிரிவிலேயே கெட்டிக்கார விமானி. டீ கொண்டுவருபவரைக்கூட ‘வாங்க, உட்காருங்க’ என்று உபசரிப்பதால் நண்பர்கள் வைத்த பெயர் அது; வாயாடியும் அப்படி வந்த பெயர்தான்.

பக்கத்துத் தளத்தோடு நடக்கும் போர்ப் பயிற்சிகளில் இவர்கள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். வானத்தில் விமானிகள் நீட்டி முழக்கிப் பேச முடியாது. எதிரி என்றால் ‘பேண்டிட்’, எரிபொருள் குறைந்தால் ‘பிங்கோ’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தச் சொற்கள் எல்லா விமானிகளுக்கும் அத்துப்படி. பக்கத்துத் தளத்துக்காரர்கள் ரேடியோவை ஒட்டுக்கேட்டு, இவர்கள் எரிபொருள் தீர்ந்து திரும்பும் நேரம் பார்த்துப் பின்னாலேயே வந்து அடித்தார்கள். இந்த முறையும் தோற்றால் படைப்பிரிவையே கலைத்து ஆளுக்கொரு திசையில் அனுப்பிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது.

அதனால்தான் புதுச் சொற்களுக்கு இந்தக் கூட்டம். கேட்பவர்களுக்கு வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்க வேண்டும் என்பது தளபதியின் உத்தரவு. எரிபொருள் குறைந்தால் ‘பால் தீர்ந்துபோச்சு’. தளத்துக்குத் திரும்பினால் ‘அம்மா வீட்டுக்குப் போறேன்’. பயிற்சிக்கான பொய் ஏவுகணையை விட்டால் ‘பதில் சொல்லிட்டேன்’. எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டது. எதிரிக்கு மட்டும்தான் பெயர் அமையாமல் இருந்தது.

பவ்யம் மெல்ல எழுந்தார். பெரியவர்களை எதற்கு இதில் இழுக்க வேண்டும், ‘பக்கத்து வீட்டுக்காரர்’ என்று வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார். அது வாயை விட்டு வெளியே வருவதற்குள் ஏவுகணை உள்ளே வந்துவிடும் என்றார் வாயாடி. பவ்யம் ‘பூனை’ என்றார், ‘கரப்பான் பூச்சி’ என்றார். ஒன்றும் எடுபடவில்லை.

"பொண்டாட்டி காதுக்குப் போயிடும்னு பயமா? உங்க மாமியார் என்ன, அவ்வளவு நல்லவங்களா?" என்று கேட்டார் வாயாடி.

தளபதியின் பென்சில் அப்படியே நின்றது. அறை மொத்தமும் பவ்யத்தின் வாயைப் பார்த்தது.

"தங்கமானவங்க. ஒரு குறை சொல்ல முடியாது" என்றார் பவ்யம்.

மறுபடியும் சிரிப்பு. மாமியாரே இருக்கட்டும், நாளைக்குத் தலைமை தாங்கப் போவது பவ்யம் என்று அறிவித்துவிட்டுத் தளபதி எழுந்து போனார்.

மறுநாள் காலை மேகங்களுக்கு மேலே பவ்யம் முன்னால் பறந்தார். பக்கவாட்டில் சற்றுப் பின்தங்கி வாயாடி. கீழே கட்டுப்பாட்டு அறையில் தளபதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார். வலப்பக்க மேகத்திலிருந்து முதல் எதிரி விமானம் தலையை நீட்டியது.

"மாமியார் அவங்க... வலது பக்கமா... வந்துட்டிருக்காங்க" என்றார் பவ்யம்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த விமானம் வாயாடியின் வாலைப் பிடித்துவிட்டது. வாயாடி தலைகீழாகப் புரண்டு மயிரிழையில் தப்பினார். மூச்சிரைக்க அவர் ரேடியோவில் சொன்னவை பழைய குறிச்சொற்களிலும் இல்லை, புதியவற்றிலும் இல்லை.

தரையிலிருந்து தளபதியின் குரல் வந்தது. "மாமியாருக்கு மரியாதை வேண்டாம். சுருக்கமா சொல்லுங்க."

பவ்யத்துக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றியது. அடுத்த விமானம் தலைக்கு மேலிருந்து பாய்ந்து வந்தது. தன்னால் கூட்டாளிகள் திக்குக்கு ஒருவராகச் சிதறிப் போகக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"மாமியார் மேல. பதில் சொல்லிட்டேன்."

அந்த விமானம் வீழ்ந்ததாகத் திரை காட்டியது. அதற்கப்புறம் அவர் வாய்க்குப் பூட்டே இல்லை. மாமியார் இடது, மாமியார் கீழே, மாமியார் ஓடுது, விடாதே என்று பொரிந்து தள்ளினார். ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பக்கத்துத் தளத்துக்காரர்கள், யார் வீட்டுச் சண்டையோ ரேடியோவில் குறுக்கிடுகிறது என்று நினைத்து அலைவரிசையை மாற்றி மாற்றித் தேடினார்களாம். பால் தீர்ந்து இவர்கள் அம்மா வீட்டுக்குத் திரும்பியபோது துரத்த ஒரு விமானம்கூட மிச்சமில்லை.

இறங்கியதும் வாயாடி பவ்யத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுபாதை ஓரத்திலேயே ஆடினார். மாமியார் மேல் இத்தனை கோபத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று ஆளாளுக்குத் துளைத்தெடுத்தார்கள். அந்த நேரத்தில் தளபதி கூப்பிடுவதாக ஆள் வந்தது. பாராட்டுத்தான், ஓடுங்கள் என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். பவ்யம் மட்டும் அடிமேல் அடிவைத்து நடந்தார்.

அறையில் தளபதி காலையின் ஒலிப்பதிவை ஓடவிட்டிருந்தார். ‘மாமியார் ஓடுது, விடாதே’ என்று பவ்யத்தின் குரல் கணீரென்று ஒலித்தது. பவ்யம் தரையைப் பார்த்தபடி நின்றார். கடைசிவரை கேட்டுவிட்டு நிறுத்திய தளபதி, எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார்.

"நல்லாப் பறந்தீங்க, மாப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துடுங்க."

"சரிங்க, அத்தை" என்றார் பவ்யம்.