பழைய டேங்க் விளையாட்டு

தகரக் கொட்டகையின் வெக்கையில் டிவி ஒளிர்கிறது. உப்பளத்திலிருந்து வந்த காலைக்கூடக் கழுவாமல், பிலோமினா மகள் ஷீபாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சுனாமி அண்ணனைக் கொண்டுபோனதிலிருந்து ஷீபா வாய் திறக்கவில்லை. அண்ணனும் தங்கையும் டிவியில் ஆடிய டேங்க் வீடியோ கேம் இப்போது புதுப் பெட்டியில் வந்திருக்கிறது. "அதே பழைய கேம்தான்க்கா, இந்த வெலைக்கு வேணாம்" என்று கடைக்காரனே தடுத்தான். "அந்த மியூசிக் அப்படியே வருமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, கம்மலை விற்று வாங்கி வந்தாள். மியூசிக் அப்படியே வருகிறது. ஷீபாவின் உதடு அசைகிறது. "சொல்லு பாப்பா, எதாவது சொல்லு" என்று பிலோமினா கெஞ்சுகிறாள். ஷீபா இரண்டாவது ரிமோட்டை எடுத்து, பக்கத்தில் காலியாகக் கிடக்கும் பாயில் வைக்கிறாள். ஆட்டத்தைத் தொடங்காமல் காத்திருக்கிறாள்.