எந்த முகவரியிலிருந்து?

பொத்தானை அழுத்தியதும் உலாவி சிவப்பு எழுத்தில் முறைத்தது. இந்த முகவரியிலிருந்து வருவதற்கு அனுமதி இல்லையாம்.

சுபியான் மடிக்கணினியை முழங்காலில் வைத்தபடி மதிலோரப் பூவரச நிழலில் சாய்ந்திருந்தான். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து கடற்காற்று ஏறும் நேரம். கண் பாதி செருகியது.

கல்முனைத் துணிக்கடை ஒன்றுக்காக அவன் செய்த இணையப் பக்கம் அது. பொத்தானை அழுத்தினால் உலாவியிலிருந்தே கடைக்குப் பேசலாம். நேற்றுத்தான் பக்கம் புது முகவரிக்குக் குடிபோனது. அழைப்பை இணைத்துவிடும் சேர்வருக்கோ பழைய முகவரிதான் தெரியும். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

பாவம் அந்தப் பக்கம். அவன் பாடும் அதுதான்.

ஊர் வழக்கப்படி கலியாணத்தோடு மனைவி ஆதிலாவின் வீட்டுக்குக் குடிபோனவன் அவன். முந்தாநாள் ஒன்றுமில்லாத விசயத்துக்கு வாய்ச்சண்டை. “இது உன்ட ஊடுதானே, நீயே வெச்சிக்க!” என்று கத்திவிட்டுக் கூடப்பிறந்த லாத்தா வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஆதிலா திருப்பிக் கத்தவில்லை. அந்த வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் வெள்ளையடித்திருந்தார்கள். அவள் முகம் போன போக்கு அவனை இரண்டு நாளாகத் தின்றது. திரும்பிப் போகவும் வெட்கம், போகாமல் இருக்கவும் முடியவில்லை.

யார் வந்தாலும் விடு என்று சேர்வரில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் வேலை முடிந்துவிடும். சோம்பேறிகள் அதைத்தான் செய்வார்கள். சுபியான் புது முகவரியை எழுத்தெழுத்தாகப் பட்டியலில் சேர்த்தான்.

சோதித்துப் பார்க்கக் கடைக்காரரின் எண்ணைத்தான் போட வேண்டும். ஆதிலாவின் எண்ணைப் போட்டான்.

சிவப்பு வரவில்லை. மணி போனது.

எடுத்தாள். “நான்தான்” என்றான்.

அலைச்சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வோர் அலையும் இரண்டு தரம் கேட்டது, காற்றில் ஒரு தரம், காதுக்குள் ஒரு தரம். கனவில் கேட்பதுபோல் அவன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவளுக்கும் அப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், மெதுவாகச் சொன்னாள். “நம்மட ஊட்டு வைஃபையிலதானே கதைக்கீங்க. உள்ளுக்கு வாங்க.”

கடவுச்சொல்லை அவள் மாற்றியிருக்கவில்லை.

அவன் முதுகு சாய்ந்திருந்த மதிலின் மறுபக்கம் கேற் திறக்கும் சத்தம் கேட்டது.