புள்ளிக்குப் பின்னால் ஒரு பெயர்

"உன் வீட்டுக்காரர் வந்துட்டார், போய்க் கூட்டிட்டு வா!"

பக்கத்து சீட் அக்கா அவளைப் பார்த்துச் சிரித்தபடி பிரிண்டரைக் காட்டினாள்.

யார் எதை அச்செடுத்தாலும், அவர்களுடைய யூசர்நேம் போட்ட தாள் ஒன்று முதலில் வந்து விழும். அந்த ஆபீஸில் யூசர்நேமுக்கு ஒரு கணக்கு உண்டு. எல்லாம் சின்ன எழுத்து, முதலில் சொந்தப் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர்.

அவள் தாளில் புள்ளிக்குப் பின்னால் இருந்தது கணவர் பெயர். மூன்று வருடக் கேலி இது. இத்தனை நாள் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

விவாகரத்துத் தீர்ப்பு வந்து இன்றோடு எட்டு நாள். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆளாளுக்கு வந்து துக்கம் விசாரிப்பார்கள். அதைத் தாங்கும் தெம்பு அவளிடம் இல்லை.

எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் சிஸ்டம் அறைக்குள் நுழைந்தாள்.

அங்கே இருப்பவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் 'கோந்து'. ஒரு விதியைப் பிடித்தால் விடவே மாட்டார். அவள் நீட்டிய பெயர் மாற்றப் படிவத்தில், காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒருத்தர் பேரை மாத்தினா ஆபீஸ் முழுக்க மெயில் போகும்மா. பழைய பேர், புதுப் பேர், காரணம், மூணும் இருக்கும்."

"காரணத்தை மட்டும் விட்டுட முடியாதா சார்?"

"விதியில அப்படி இல்லையே."

"ப்ளீஸ் சார்..."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

படிவத்தை வெடுக்கென்று திரும்ப எடுத்துக்கொண்டாள். "அப்ப வேண்டாம் சார். நான் வந்ததையே மறந்துடுங்க."

கல்நெஞ்சக்காரன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தாள். அதற்குப் பிறகுதான் உறைத்தது. பெயரும் மாறவில்லை, விஷயத்தையும் ஒருவரிடம் சொல்லியாகிவிட்டது!

அன்றிலிருந்து நிம்மதி போயிற்று. தண்ணீர் பிடிக்கிற இடத்தில் இரண்டு பேர் சிரித்தால், தன்னைப் பற்றித்தானோ என்று காதைத் தீட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை, மேனேஜரின் கண்ணாடி அறையில் கோந்து நின்றிருந்தார். மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். நடுவில் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

போச்சு. கோந்து சொல்லிவிட்டார்.

"ஏன்டி சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கே?" என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டதும் தட்டோடு எழுந்துவிட்டாள்.

திங்கள் காலை உள்ளே நுழையும்போதே ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. அக்கா ஓடி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"விஷயம் கேள்விப்பட்டியா?"

"என்... என்னக்கா?"

"கோந்துக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சு! எல்லார் யூசர்நேமையும் மாத்திட்டார். இனிமே பேரே கிடையாதாம், 'எஸ்' போட்டு ஸ்டாஃப் நம்பராம். நான் எஸ் நாப்பத்தஞ்சு. ஜெயில்ல போட்ட மாதிரி இருக்கு!"

"எதுக்காம்?"

"காரணம் பாதுகாப்புன்னு மெயில் போட்டிருக்கார், பொல்லாத பாதுகாப்பு! மேனேஜர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டும் அடம் பிடிச்சுச் சாதிச்சிருக்கார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் இங்கேயே உக்காந்து அத்தனை பேர் ஃபைலையும் மாத்தினாராம். அந்த ஆளுக்கு வேற வேலையே இல்லையா?"

சிஸ்டம் அறை வாசலில் புது நம்பர் வாங்க வரிசை நின்றது. ஒவ்வொருவரும் உள்ளே போய்ச் சண்டை போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். கோந்து தன் பாட்டுக்கு நம்பர் சீட்டை எழுதி நீட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது.

அவள் முறை வந்தது.

"எஸ் முப்பத்தொண்ணு" என்று சீட்டை நீட்டினார்.

அவள் வாங்காமல் நின்றாள். "சார்... இதெல்லாம் எதுக்கு சார்?"

அவர் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க ஒருத்தர் பேரை மட்டும் மாத்தியிருந்தா, ஏன் ஏன்னு எல்லாரும் உங்களைக் கேப்பாங்கம்மா. அறுபத்திரண்டு பேருக்கும் மாத்திட்டேன். இப்ப எல்லாரும் என்னைத்தானே கேக்கறாங்க!"