பாஸ்டர் ஐயாவின் விளைச்சல்

"ஆமா மாப்ள, நீ கேள்விப்பட்டது நெசந்தான். அந்தப் பொஸ்தகக் கட்டை ஏலத்துல எடுத்தது பழைய பேப்பர் கடை கருத்தக்கண்ணன்தான்."

மைக்செட்டு ஒயரைச் சுத்திக்கிட்டே சொன்னேன். சர்ச்சுக்கு வெளிய ஏலம் முடிஞ்சு பந்தி ஓடிட்டிருந்துச்சு. லேட்டா வந்த அசோக்குமாருக்கு மொகமே மாறிப்போச்சு.

"என்னண்ணே இது, அறுப்பின் பண்டிகைன்னா பூசணிக்கா, சேவல்தானே ஏலம் விடுவாங்க?"

"அவங்கவங்க வெளைச்சல்ல ஒரு பங்கைக் காணிக்கையாக் கொண்டாருவாங்க. ரிட்டயர்டு பாஸ்டர் ஞானசிகாமணி ஐயா பொஸ்தகத்தைக் கொண்டாந்து வச்சாரு. 'என் நெலத்துல வெளைஞ்சது இதுதான்'னாரு."

எல்லாம் அம்பதுகள்ல அச்சடிச்சது. சிலுவை, ஜெபம், கிருபைன்னு தடிதடியா. அவரு சம்சாரம் தவறினப்புறம் ஐயா தனிக்கட்டை. நாளைக்கு மெட்ராஸுக்கு மக வீட்டோட போறாரு. அங்க பேரனுக்கே படுக்க எடமில்லையாம்.

"யாரும் ஏலம் கேக்கலைன்னா?"

"இந்தச் சபையில ஒரு வழக்கம் மாப்ள. ஏலம் போகாத பொருளைக் கொண்டாந்தவரே திரும்பத் தூக்கிட்டுப் போகணும். எல்லாரும் பார்க்க."

"சரி, நடந்ததைச் சொல்லுங்க."

"பூசணிக்கா ஒண்ணு ஆட்டு வெலைக்குப் போச்சு. எடுத்தது சபைச் செயலர் எட்வின் சார். அவரு வீட்ல பூசணிக்காய யாரும் தொட மாட்டாங்க. அது வேற விசயம்."

அடுத்து பொஸ்தகக் கட்டு வந்துச்சு. ஏலம் விடுறவரு கேட்டாரு, திரும்பத் திரும்பக் கேட்டாரு. ஒருத்தரும் வாயத் தெறக்கல. முன்வரிசையில ஐயா கைத்தடியைப் பிடிச்சுக்கிட்டுத் தரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு.

நான் மைக் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஊழியம் அம்புட்டுத்தான்.

அப்பத்தான் வாசக் கேட்டுப் பக்கம் ஒரு கை எந்திரிச்சுச்சு. கருத்தக்கண்ணன். பூசணிக்காய்க்கு மேல ஒரு வெலையைச் சொன்னான்.

எட்வின் சார் பாய்ஞ்சுபோய் மைக்கைப் புடுங்கினாரு. "யோவ், இது தேவனோட காரியம்யா! கடலைப் பொட்டலம் மடிக்கவா கேக்குற? போ, போய்த் தராசைக் கழுவிட்டு வா!"

கூட்டமே சிரிச்சுச்சு.

"அதுக்குமேல வேற யாராச்சும் கேட்டாங்களாண்ணே?"

"சிரிச்சாங்க. கேக்கல."

ஐயா தடியை ஊணி எந்திரிச்சாரு. என்னமோ சொல்ல வந்தாரு. கருத்தக்கண்ணன் அங்கிட்டு இருந்தே கையைக் காமிச்சான். "உக்காருங்கய்யா. நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

அசோக்குமாருக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு.

"பாஸ்டரையே உக்காருன்னானா? என்னா திமிரு! காசு இருந்தா யாரை வேணாலும் பேசலாமா? நீங்களும் பார்த்துக்கிட்டு இருந்தீங்களாக்கும்!"

"எல்லாரும் இதையேதான் சொன்னாங்க. அவன் காசைக் கட்டிட்டுக் கட்டைத் தூக்கிட்டான்."

"நாளைக்கு நம்ம பஜாருல சிலுவையில சுத்துன கடலைதான், போங்க."

ஒயரைக் கீழ வச்சேன். "இதைச் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட அவன் சத்தியம் வாங்கல, மறந்துட்டான். ஆனாலும் ஒன்னோட இருக்கட்டும்."

"என்னண்ணே?"

"அவன் கடைக்கும் என் கடைக்கும் ஒரே சொவரு. போன வாரம் ஐயா ஆட்டோவுல அந்தக் கட்டை மொதல்ல கொண்டாந்தது கருத்தக்கண்ணன் கடைக்குத்தான். எடைக்குப் போட."

அசோக்குமார் ஸ்பீக்கர் பொட்டி மேல உக்காந்துட்டான்.

"தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பிரிச்சுப் பார்த்தான். ஓரத்துல பென்சில்ல 'இன்னைக்குத்தான் புரிஞ்சது'ன்னு எழுதியிருந்துச்சு. 'எப்பய்யா வாங்குனது?'ன்னான். 'வாலிபத்துல'ன்னாரு. 'இதை எழுதுனது?' 'போன வருசம்'னாரு."

"ம்."

"பொஸ்தகத்தை மூடிட்டான். 'புரியவே இம்புட்டுக் காலமானதை நான் ஒரு நிமிசத்துல நிறுத்துப் போடவாய்யா? என்னால ஆகாது. உங்க சபை ஏலத்துல வைங்க. அங்கன படிச்சவுக இருக்காக, போட்டி போட்டு எடுப்பாக'ன்னு அதே ஆட்டோவுல ஏத்தி விட்டான்."

"இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? அம்புட்டுப் பேச்சை எதுக்கு வாங்கணும்?"

"சொன்னா, ஐயா பொஸ்தகத்தை எடைக்குப் போட வந்தது ஊருக்கே தெரிஞ்சுபோகுமே மாப்ள. அவனுக்குப் பரிஞ்சு அதைத்தான் ஐயா எந்திரிச்சுச் சொல்ல வந்தாரு. அதுக்குத்தான் அவன் உக்காரச் சொன்னான்."

அசோக்குமார் கேட்டுப் பக்கமா திரும்பிப் பார்த்தான். அங்க யாரும் இல்ல.

"போகும்போது நானும் கேட்டேன். 'ஏன்டா, கடை தேடி வந்தப்ப வேணாம்னுட்டு, இப்ப இம்புட்டு வெலை குடுத்து எடுக்குறியே'ன்னு. கட்டைத் தோள்ல ஏத்திக்கிட்டே சொல்றான், 'போட்டி போட்டு எடுப்பாகன்னு நாந்தானண்ணே ஐயாகிட்டச் சொன்னேன். போட்டின்னா ஒருத்தனாச்சும் கேக்கணும்ல?'"

பந்தலுக்குள்ள இருந்து எட்வின் சார் சத்தம் போட்டாரு.

"மைக்செட்டுக்காரரே! முடிவு ஜெபம் நாந்தான் பண்றேன், வந்து மைக்கைப் போடுங்க! நல்லா வெளிய கேக்குற மாதிரி!"

"இந்தா வாரேன் சார்"னு எந்திரிச்சுப் போனேன்.