அரசியின் முதுகு

அரசியின் நடுமுதுகில் காலையிலிருந்து அரிப்பு. அந்த நாட்டு வழக்கப்படி அரசி தன்னைத் தானே சொறிந்துகொள்ளக் கூடாது. மயிலிறகால் தடவிவிடத்தான் பூவாயி என்ற பணிப்பெண் இருந்தாள். அரசியின் மேனியில் யார் நகம் பட்டாலும், அது அரசியின் நகமே ஆனாலும், பூவாயியின் விரல்களை வெட்டிவிடுவார்கள்.

"கொஞ்சம் மேல... ஐயோ, அங்க இல்லடி!"

"இங்கயா, தாயே?"

"இறகு பட்டா இன்னும்தான் அரிக்குது. தூக்கி அடுப்புல போடு. நகத்தால சொறி!"

பூவாயி கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "வீட்ல சின்னப் புள்ள இருக்கு தாயே. இந்தக் கையாலதான் சோறு ஊட்டணும்."

மூன்று தேசங்களைப் பிடித்தவளுக்குத் தன் முதுகில் ஒரு விரற்கடை இடம் எட்டவில்லை. பூவாயியை வெளியே விரட்டிக் கதவைச் சாத்தினாள். தூணைப் பற்றி வழக்கம் எதுவும் சொல்லவில்லை. முந்தைய அரசிகளின் காலத்திலிருந்தே கட்டிலருகே நிற்கும் கருங்கல் தூண் அது; உடம்பெல்லாம் சொரசொரப்பான யாளிகள். எருமை போல முதுகைச் சாய்த்துத் தேய்த்தாள். வழுக்கியது. திரும்பிப் பார்த்தாள். முதுகு பட்ட உயரத்தில் மட்டும் யாளிகளே இல்லை; கல் வழவழவென்று குழிந்திருந்தது.

அரசி நுனிக்காலில் எம்பி, இன்னும் மூக்குத் தேயாத ஒரு யாளியைத் தன் முதுகால் தேடினாள்.