கரடியை எழுப்பிய கொக்கு

பாறை உருண்டு கால் நொறுங்கிய கரடி போட்ட கூச்சலில், காட்டு ஆஸ்பத்திரி மரங்களில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. நர்ஸ் கொக்கு, அளவை இரண்டு தரம் பார்த்து வலி ஊசி போட்டது. கரடி அயர்ந்து தூங்கியது.

"மகராசி, நல்லா இருப்பே," என்று கும்பிட்டாள் கரடியின் மனைவி. "நீ போய்ப் படு தாயி."

கொக்கு போகவில்லை. கரடியின் வயிற்றையே பார்த்தபடி நின்றது.

"அது என்ன குளமா, மீன் துள்ளுமான்னு பாக்குறே?"

ஏறி இறங்கிய வயிறு வரவர மெதுவாகி, ஒருதரம் இறங்கியது ஏறவே இல்லை. உதடு நீலம் பாரித்தது. கொக்கு கரடியின் நெஞ்சில் ஓங்கிக் கொத்தி, வலி ஊசியின் வேகத்தை முறிக்கப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்த மாற்று மருந்தை ஏற்றியது. கரடி அலறிக்கொண்டு விழித்தது. வலியும் கூடவே விழித்தது.

"பாவி, நிம்மதியாத் தூங்கினவரை எழுப்பிட்டியே," என்று அழுதாள் மனைவி.

"திட்டுங்கக்கா," என்றது கொக்கு. "அவரையும் சேந்து திட்டச் சொல்லுங்க."

கரடி கொக்கின் குலத்தையே இழுத்துவைத்து வைதது. ஒரு வசவுக்கும் அடுத்த வசவுக்கும் நடுவே வயிறு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றது கொக்கு.